எட்டாவது சாவுக்குப் பிறகு

மாட்டுத்தாவணியில் வெங்காய மண்டிக்கு மேல்மாடி
என் அறை.
கீழே சரக்கு இறங்க இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது.
லேப்டாப்பின் விசிறி இரைகிறது,
உத்தரத்து விசிறி சும்மா சுற்றுகிறது.

நால்வர் என் படை.
முன்னால் கேடயம் தாங்குகிறவனுக்கு
மூட்டை தூக்கும் வெயிலுமுத்தண்ணன் பேர்.
தீ எறியும் மந்திரக்காரிக்கு
பில் போடும் ஜெபசீலி.
பூட்டுடைக்கும் திருடனுக்கு, வேறு யார்,
எங்கள் முதலாளி சங்கிலிராசு.
காயம் ஆற்றுகிறவன் நான்.
கணக்கெழுதுகிறவன் கையில் வாளா கொடுப்பார்கள்?

எதிரே சதுப்பு. அதன் நடுவே
முதுகில் வெண்கல மணியைச் சுமக்கும் பூதம்.
மணி ஒருதரம் அடித்தால்
நாங்கள் வெட்டிப்போட்டதெல்லாம் எழுந்து
சோம்பல் முறித்துக்கொண்டு திரும்ப வரும்.

முதல் தடவை என்ன நடந்ததென்றே தெரியவில்லை.
மூன்றாம் தடவை ஜெபசீலியின் தீ
நாங்கள் ஊற்றிய எண்ணெயிலேயே பிடித்து
வெயிலுமுத்தண்ணன் நின்ற வாக்கில் எரிந்தார்.
ஐந்தாவதில் பூதத்துக்கு ஒரே ஒரு அடி பாக்கி;
அந்த ஒன்றைப் பகடை தரவில்லை.
எட்டாவது முடிந்து திரை கறுத்தபோது
அதில் என் முகம், வாய் திறந்தபடி.

பையைத் திறந்து பார்த்தேன்.
சிவப்புக் குப்பி முப்பத்தொன்று.
செத்தவரை எழுப்பும் ஓலை ஒன்று.
விளையாட்டின் முதல் ஊரிலிருந்து
பின்னால் பெரிய சண்டை வரும், பின்னால் வரும் என்று
ஒன்றையும் தொடாமல் சேர்த்து வைத்தவை.
போன தீபாவளிக்கு முந்தின தீபாவளிச் சட்டை
இன்னும் அட்டைப்பெட்டியில்தான் இருக்கிறது
கொக்கி மாட்டிய காலரோடு.

ஒன்பதாவது.
பூதத்தின் பக்கமே போகவில்லை.
வெயிலுமுத்தண்ணனைக் குறுகிய கல்பாலத்தில் நிறுத்தினேன்,
ஒரு நேரத்தில் ஒருவன்தான் அவரை நெருங்க முடியும்.
அடி விழ விழக் குப்பி.
இருபத்தெட்டு. பத்தொன்பது. பதினொன்று.
ஜெபசீலியை மேட்டில் ஏற்றினேன்: பொறு,
கூட்டமாய்ச் சேரட்டும், இன்னும் பொறு.
முதலாளியை இருட்டோடு இருட்டாக
பூதத்தின் பின்பக்கம் அனுப்பினேன்
மணிக்கயிற்றை அறுக்க.

கயிற்றுக்கு இரண்டு கட்டம் முன்னால்
முதலாளி செத்தார்.

சாவிப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.
இருப்பது ஒரே ஓலை.
பாலத்தில் அண்ணன் உயிர் நூலாகத் தொங்குகிறது,
அவர் விழுந்தால் எழுப்ப வேறு வழியில்லை.
இவருக்கா போடுவது?
பொங்கலுக்கு போனஸ் கேட்டபோது
‘வெங்காயம் என்ன விலை விக்குது தெரியுமாடா’ என்றவருக்கா?
ஆனால் கயிறறுக்கத் தெரிந்த கை
படையில் அவருடையது மட்டும்தான்.
வாய்விட்டுத் திட்டிக்கொண்டே எழுப்பினேன்.
எழுந்தார்.
நன்றியெல்லாம் இல்லை.
அறுத்தார்.

மணி சேற்றில் விழுந்தது, ஓசையில்லாமல்,
எருமை படுப்பதுபோல.
மேட்டிலிருந்து ஜெபசீலி அப்போதுதான் கையை உயர்த்தினாள்.

பூதம் முழங்கால் மடக்குகையில் போன் அடித்தது.
சங்கிலிராசு.
‘எங்கடா தொலைஞ்ச, நாசிக் லோடு வந்து அரைமணி நேரமாச்சு.’
உங்களத்தான் எழுப்பிக்கிட்டிருந்தேன் என்று
வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு
நோட்டை எடுத்தேன்.
பையில் குப்பி ஒன்றுகூட இல்லை.
இத்தனை லேசாக நான் படியிறங்கியதே கிடையாது.

கீழே லாரிக்கும் தரைக்கும் நடுவே பலகை.
ஒரு நேரத்தில் ஒருவர்தான் அதில் நடக்க முடியும்.
ஐம்பது கிலோவோடு இறங்கினார் வெயிலுமுத்தண்ணன்,
தலையில் சும்மாட்டுத் துண்டு, புருவத்தில் சருகு.
‘என்ன தம்பி, கண்ணு செவந்து கெடக்கு?’
‘ராத்திரி நீங்க எட்டுத் தடவ செத்தீங்கண்ணே.’
‘எட்டுத்தானா’ என்றார்
அடுத்த மூட்டைக்கு முதுகைக் கொடுத்தபடி.

எழுதினேன்:
முப்பத்தாறு.
முப்பத்தேழு.