முப்பத்தொரு புள்ளிகள்

மூன்றாம் சுற்று திங்கட்கிழமை, காலை பத்தரைக்கு.
ஒன்பதேகாலுக்குக் கரண்ட் போயிற்று.
மாமியின் கடையில், முட்டைத் தட்டுகளுக்குப் பின்னால்,
இன்வெர்ட்டர் இருக்கிற ஒரே மூலையில் லாப்டாப்பை வைத்தேன்.
கமெராவுக்குத் தெரிகிற அளவுக்கு மட்டும்
சுவரைத் துடைத்தேன்.
இஸ்திரி போட்ட சட்டை. கீழே வீட்டுப் பாவாடை.

முதல் சுற்றில் நிகழ்தகவு:
இரண்டு பிள்ளைகள், ஒன்றாவது பெண்,
இரண்டுமே பெண்ணாயிருக்க எவ்வளவு வாய்ப்பு?
மூன்றில் ஒன்று என்றேன்.
எங்கள் வீட்டில் நாலும் பெண் என்று சொல்லவில்லை.

இரண்டாம் சுற்றில்
கொழும்பில் எத்தனை ஓட்டோ ஓடுகிறது என்றார்கள்.
நான் ஏறியது மொத்தம் ஆறு.
அதிலிருந்து தொடங்கினேன்.
யாரோ சிரித்தார்கள். அது எந்தச் சிரிப்பு என்று
இரவு முழுக்கக் கிடந்து யோசித்தேன்.

மறுகா ஒரு வீட்டுவேலை தந்தார்கள்.
பொதி கொண்டுபோகிற கம்பனி.
நாற்பதாயிரம் வரிசை, நாலு நாள், கூலி கிடையாது.
எந்தப் பொதி எப்போது போய்ச் சேருமென்று
முன்கூட்டிச் சொல்ல வேண்டும்.

முப்பத்தொரு புள்ளிகள்
கூட்டத்தை விட்டு விலகி
வரைபடத்தின் உச்சியில் தனியே நின்றன.
குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு.
தூரம் பார்த்தால் கிட்டடி,
நேரம் பார்த்தால் இரண்டு மணி, மூன்று மணி.

"இந்த அவுட்லையர்களை ஏன் நீக்கவில்லை?"
ஹிரந்த கேட்டார். அவருக்குப் பின்னால்
புத்தகம் அடுக்கிய அலுமாரி, அல்லது அலுமாரியின் படம்.

நீக்கினால் பிழை குறையும், எனக்கும் தெரியும்.
ஆனால் உங்கள் வரைபடம் அதைத் தெரு என்கிறது.
அது பாதை.
எங்களிடத்தில் பாதை என்றால் மிதக்கிற ஒன்று.
மோட்டார்சைக்கிள், நெல்மூட்டை,
டியூஷனுக்குப் போகிற பிள்ளைகள்
எல்லாம் ஏறும்வரை வெளிக்கிடாது.
வாவியில் காற்றெழும்பினால் வெளிக்கிடவே வெளிக்கிடாது.
அந்த முப்பத்தொரு பேரும் கரையில் நின்றவர்கள்.
அவர்களுக்காக ஒரு நிரல் சேர்த்திருக்கிறேன்,
காற்றுக்கு இன்னொன்று.

இதையெல்லாம் இங்கிலீசில் சொன்னேன்.
பாதையை ஃபெரி என்றேன்.
சொன்ன உடனே அது சின்னதாகிவிட்டது.

"முட்டை பத்துக் கேக்காங்க கா!"
மியூட் போட மறந்திருந்தேன்.

"சுவாரசியம்" என்றார் ஹிரந்த,
தென்னைக்குப் பூச்சி பிடித்திருக்கிறது
என்று சொல்கிற குரலில்.

பதினேழு நாள்.
சோறு வடிக்கும்போதும் இன்பாக்ஸைத் திறந்து மூடினேன்.
கடைசியில் வந்தது:
உங்கள் திறமை எங்களை மிகவும் கவர்ந்தது,
எனினும்.
எனினுமுக்குப் பிறகு வந்ததை
நான் இன்னும் முழுதாக வாசிக்கவில்லை.

கார்த்திகை. அடைமழை.
முகத்துவாரம் இன்னும் வெட்டவில்லை, தண்ணீர் ஏறி
வேலிக் கம்பியைத் தொட்டிருந்தது.
பொதி கொண்டுபோகிற வினுஜன்
கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கினான்.
"இந்த அப் இப்ப நல்லாயிட்டு கா,
பாதை பிந்துமெண்டு முன்னுக்கே சொல்லுது."

ஃபோனை வாங்கிப் பார்த்தேன்.
குறுமண்வெளி, காத்திருப்பு ஒரு மணி ஐம்பது நிமிடம்.
ரு வரவேண்டிய இடத்தில் று.
மூன்றாம் நாள் இரவு
இரண்டு மணிக்குத் தூக்கத்தில் தட்டிய என் று.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு வெளியே பார்த்தேன்.
வாழையெல்லாம் வடக்கே சாய்ந்து கிடந்தது.
காற்று நிரலை அவர்கள் விட்டுவிட்டார்கள்.

"ஐம்பது நிமிசமுமில்ல, ஒண்டுமில்ல.
இண்டைக்குப் பாதை வெளிக்கிடாது தம்பி.
பட்டிருப்புப் பாலத்தால சுத்திப் போ."

அவன் அப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு
பாலத்துப் பக்கம் திருப்பினான்.

வியாழக்கிழமை இன்னொரு கம்பனி, முதல் சுற்று.
சட்டையை இஸ்திரி போட வேண்டும்,
கரண்ட் இருக்கும்போதே.