எஸ்கலா

எங்கள் படகில் ஒரே சொல்லுக்கு மூன்று வேலை.
எஸ்கலா என்றால்
சமையலறைக் கதவில் தொங்கும் முறைப் பட்டியல்:
நாலு மணிக்குக் காபி, ஜுசிலேனி.
எஸ்கலா என்றால்
படகு நிற்கும் துறை:
பிரேவிஸ், குருபா, அல்மெய்ரிம்.
எஸ்கலா என்றால்
அரிசி டின் மூடியின் உட்புறம்
நான் ஒட்டிவைத்திருக்கும் தாள்.
ஆறு கோடு, கறுப்புப் புள்ளிகள்,
வீட்டுச் சுரம் மட்டும் வட்டத்துக்குள்.

ஏழில் இரண்டை விட்டுவிட்ட ஐந்து.
அதுவும் நியாயம்தான்,
பிரைன்யாவில் நாங்கள் நிற்பதில்லை.

கிட்டார் பெலேம் அடகுக் கடையில் வாங்கியது.
அதன் கழுத்தில் யாரோ பல் பதித்த மாதிரி ஒரு வடு.
ஐந்தாம் ஃப்ரெட்டில் தொடங்கு என்றது தாள்.
சுட்டுவிரல், சுண்டுவிரல்.
சுட்டுவிரல், மோதிரவிரல்.
வெங்காயம் நறுக்கிய விரலைத் தந்தி எரித்தது.

மூன்று மாதம்
ஏறினேன், இறங்கினேன்,
மூட்டை சுமந்து பலகையில் நடப்பவன்போல.
நடுவில் நிற்கத் தெரியாது.
நடுவில் ஒரு சுரம் வேண்டுமென்றால்
அடியிலிருந்து எண்ணிக்கொண்டு வரவேண்டும்,
பெயர் மறந்த பயணி ஒருவரை
நூற்றுப் பன்னிரண்டு தூளிகளையும் விலக்கி விலக்கித்
தேடுவதைப்போல.

"இது பாட்டா, பயிற்சியா?"
எஞ்சின் அறை வால்டெனோர் கேட்பான்.
"முறை" என்பேன்.

சுருதிக்குக் குறைவில்லை.
டீசல் எஞ்சின் இரவு பகலாய் ஒரே சுரத்தில் முனகும்.
தற்செயல்தான்,
என் ஐந்தாம் ஃப்ரெட்டும் அதுவும் ஒன்று.
எங்கே சுற்றினாலும் அது வீட்டுக்கு இழுக்கும்,
வீடோ எப்போதும் மழைக்கால வீடு.
எனக்கு வராதது மகிழ்ச்சி என்று நினைத்திருந்தேன்.

குருபா தாண்டி
மணல்திட்டில் தட்டி நின்றோம்.
வால்டெனோர் எஞ்சினை அணைத்தான்.
அப்படி ஒரு மௌனம் எனக்குப் பழக்கமில்லை.
தண்ணீர் பலகையை நக்கும் சத்தம்.
யாரோ தூளியில் புரண்டார்கள், கயிறு முறுகியது.

கைக்கு வேலை வேண்டுமே என்று எடுத்தேன்.
இழுக்க ஆளில்லை.
மூன்றாம் தந்தியில், ஐந்தாம் ஃப்ரெட்டில்
விரல் போய் உட்கார்ந்தது.
அங்கிருந்து கிளம்பினேன், சுற்றினேன்,
அங்கேயே திரும்பினேன்.
அதே ஐந்து புள்ளி.
ஒன்றுகூடப் புதிதில்லை.
ஆனால் முகம் கழுவி வந்த மாதிரி
அத்தனையும் வெளிச்சமாய் இருந்தன.
வீடு எதுவென்று
தாளில் வட்டம் போட்டவன் சொல்வதா?
சிரித்துவிட்டேன், தனியாக.
தூளிக்குள்ளிருந்து ஒரு குரல்
"நிறுத்தாதே" என்றது,
பிறகு குறட்டை விட்டது.

வெள்ளம் ஏறி மணல் விட்டது.
தாமதத்தை ஈடுகட்ட
கேப்டன் கூடுதலாய் முடுக்கினார்.
எஞ்சின் அரைக் கட்டை ஏறிவிட்டது.
நான் தொட்டதெல்லாம் பல்லைக் கூசவைத்தது.
ஒரு நிமிடம் பயந்தேன்,
மூன்று மாதமும் ஆற்றோடு போச்சு என்று.
பிறகு கையை அப்படியே,
எந்த விரலையும் கலைக்காமல்,
ஒரு ஃப்ரெட் தள்ளி வைத்தேன்.

அவ்வளவுதான்.

வடிவத்துக்கு ஊர் கிடையாது.
இத்தனை நாள் அதைத் தாளில்
ஐந்தாம் ஃப்ரெட்டிலேயே ஆணியடித்து வைத்திருந்தேன்.

மணி மூன்று ஐம்பது.
பட்டியல் பட்டியல்தான்.
அடுப்பு மூட்டினேன்.
தண்ணீர் கொதிக்குமுன் பாத்திரம் பாடுமே,
அது எந்தச் சுரமென்று
காது கொடுத்துக் கேட்டேன்.
புள்ளி எதிலும் அது இல்லை,
ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் நடுவே எங்கேயோ.
தந்தியைக் கொஞ்சம் வளைத்துப் பார்க்க வேண்டும்,
நாளைக்கு, பாத்திரம் துலக்கிய பிறகு.