சாய்கோடு

சலவை இயந்திரம் செத்து ஐந்து வருடம்.
அதன் தவணை மட்டும்
எங்கோ ஒரு கணினிக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது,
தண்ணீர் இல்லாமல், துணி இல்லாமல்.

இரண்டாவது வேனுக்குக் கடன் கேட்டுப் போனபோதுதான் தெரிந்தது.
பகாவ் வங்கியில் அந்தப் பெண்
திரையைப் பாதி திருப்பிக் காட்டினாள்:
புஷ்பலீலா, சன்னாசி மகள்,
எண்ணூற்று நாற்பது வெள்ளி பாக்கி.
சன்னாசி என்று பெயர் வைத்துக்கொண்டு
கடன்காரர் ஆவது எங்கள் குடும்ப வழக்கம்தான்.
ஆனால் இது கட்டி முடித்த கடன்.

"நாங்க எழுதினது இல்லக்கா.
கடன்பதிவு நிறுவனம் ரெண்டு இருக்கு,
ரெண்டுக்கும் மறுப்புக் கடிதம் போடுங்க."

ரசீது இருக்கிறது,
பிஸ்கட் டின்னில், பிறப்புப் பத்திரத்துக்கு அடியில்.
விரித்தால் வெறும் வெள்ளை.
சூட்டில் அச்சான தாள்
அடுப்படிச் சூட்டிலேயே அழிந்திருக்கிறது.
ஓரத்தில் ஒரு நான்கு மட்டும்
லோரி தவறவிட்ட செம்பனைக் குலை மாதிரி.
நல்லவேளை, வீட்டுக்காரர் அன்றைக்கே
கைப்பேசியில் படம் பிடித்திருந்தார்,
தன் கட்டைவிரலையும் சேர்த்து.

மலாயில் நாலு பத்தி, மகன் தட்டிக் கொடுத்தான்.
"இணையத்துல ஏத்திடும்மா, ரெண்டு நிமிஷம்."

ரெண்டு நிமிஷம்
ராத்திரி பதினொன்றரை வரை போனது.
அடையாள அட்டையில் எனக்கும் அப்பாவுக்கும் நடுவே
ஏ, ஒரு சாய்கோடு, பி.
கோட்டைப் போட்டால்
இந்தக் குறி ஏற்கப்படாது என்று சிவப்பாக வருகிறது.
கோட்டை எடுத்தால்
பெயர் பொருந்தவில்லை என்கிறது.
கடனை ஏற்றும்போது மட்டும்
அந்தக் கோடு யாருக்கும் இடறவில்லை.

நேரில் போகலாம்.
விடிகாலை பஸ், கோலாலம்பூர், எண் சீட்டு, நாற்காலி.
பதினான்கு பிள்ளைகளை அன்று யார் பள்ளியில் இறக்குவது?
அதுவும் போக, அங்கே தரும் சீட்டும்
சூட்டுத்தாளாகத்தான் இருக்கும்.

ஆகவே தபால் நிலையம்.
கவுண்டரில் நோர்ஹயாத்தி,
அவள் மகன் என் வேனில் மூன்றாவது இருக்கை,
ஜன்னல் ஓரம் கிடைக்காவிட்டால் அழுவான்.
"பியாசா? லாஜு? டஃப்தார்?"
எனக்குப் பின்னால் ஏழு பேர்.

சாதாரணத் தபால் மலிவுதான்.
தோட்டத்து ஆபீஸ் வாசலில் ஒட்டிய புகார் மாதிரி,
மழை படித்துவிட்டுப் போகும்.
விரைவுத் தபால் நாளைக்கே போய்விடும்.
போகட்டும், எனக்கு என்ன அவசரம்?
பொய் வந்து உட்கார்ந்து மூன்று வருடமாகிறது,
நிஜம் ஒரு வாரம் கழித்துப் போனால் என்ன.

பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு.
அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில்
யாரோ ஒருவர் கையிலிருக்கும் தேநீரைக் கீழே வைத்து,
பேனாவைத் தேடி எடுத்து,
வாங்கினேன் என்று எழுதியாக வேண்டும்.
எனக்கு அது போதும். அதற்குத்தான் காசு.
இரண்டு உறை, இரண்டு அட்டை,
சில்லறை எண்ணும்போது பின்னால் யாரோ இருமினார்கள்.

"அசலை வைக்காதீங்க, நகல் போதும்" என்றாள் நோர்ஹயாத்தி.
அசலில் எதுவுமே இல்லை என்று
நான் சொல்லவில்லை.

பதினாறு நாள் கழித்து
ஒரு அட்டை திரும்பி வந்தது.
மற்றது வரவில்லை.
முத்திரை கோணல், தேதி பாதி,
பெற்றவர் கையெழுத்து என்ற இடத்தில்
வேகமாக இழுத்த ஒரே ஒரு சாய்கோடு.

வீட்டுக்காரர் கையுறை ஆலையில் இருந்து வந்து
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"கடன் போச்சா?"
"இல்ல. கடிதம் போச்சு."

மறுநாள் பிள்ளைகளை இறக்கிவிட்டு
நேராகப் போட்டோஸ்டாட் கடைக்குப் போனேன்.
முன்பக்கம், பின்பக்கம்,
ரெண்டையும் கறுப்பா எடுங்க என்றேன்.