நீலத் துளைக்கு அடுத்த துளை

மாலை ஏழு மணி வரை இருக்கிறது.
ஏழானதும் போய்விடுகிறது.
நான்கு கோடுகள் இரண்டாகி, ஒன்றாகி,
பிறகு அந்தச் சின்ன உலக உருண்டை,
மேலே ஒரு தடைக்குறியோடு.

பைசாண்டுவில் ஜூலை என்றால் குளிர்.
ஆற்றிலிருந்து ஏறி வரும் ஈரம்
சுவரில் வரைபடம் போடுகிறது.
குளிர் பிடித்திருக்குமோ என்று
கட்டைவிரல் நகத்தளவு வைஃபை அடாப்டரைப் பிடுங்கி,
ஊதி, ஸ்வெட்டர் கையில் துடைத்து
மறுபடி செருகினேன்.
எல்லோரும் முதலில் செய்வது அதுதான்,
வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டாம் நாள் மஞ்சள் முக்கோணம்.
டிரைவர் கிடைக்கவில்லை என்றது கணினி.
பதினோரு வருடமாய்ப் பேருந்து நிலையத்தில்
சீட்டுக் கிழிப்பவள் நான்.
டிரைவர் கிடைக்காத இரவுகளை அறிவேன்:
விளக்கு எரியும், ஹீட்டர் ஓடும்,
ஆட்கள் ஏறி மடியில் பையோடு உட்கார்ந்திருப்பார்கள்,
மோன்டெவிடியோ மட்டும் கிளம்பாது.

பழையதை நீக்கினேன்.
மேலாளர் எலியோதோரோவின் கணினியில் புதியதை இறக்கி
பென்டிரைவைக் கையுறைக்குள் பொத்தி
மழையில் கொண்டுவந்தேன்.
டிரைவர் வந்தாயிற்று. முக்கோணம் மறைந்தது.
ஏழு மணிக்கு
வண்டி மறுபடி நின்றது.

மின்சாரம் மிச்சமாக இந்தச் சாதனத்தை
அவ்வப்போது அணைத்துக்கொள்ளலாமா என்ற கட்டத்தில்
யாரோ எனக்காக டிக் போட்டுவைத்திருந்தார்கள்.
எடுத்தேன்.
ரூட்டரின் சேனலை ஆறுக்கு மாற்றினேன், பிறகு பதினொன்றுக்கு.
மேல்வீட்டு மைக்ரோவேவ் மீது சந்தேகம் விழுந்தது.
படியேறிப் போய்த் துலியோவிடம் கேட்டேன்:
தினமும் ஏழு மணிக்கு எதைச் சூடுபண்ணுகிறீர்கள்?
மைக்ரோவேவே இல்லையாம் அவரிடம்.
மழைக்கென்று பொரித்த ரொட்டி இரண்டு
தட்டில் வைத்துக் கொடுத்தனுப்பினார்.

ஒன்றை நான் தின்றேன்.
மற்றதை மேசையின் அந்தப் பக்கம் தள்ளிவைத்தேன், மிர்த்தாவுக்கு.
அக்காவும் நானும் மார்ச்சிலிருந்து பேசுவதில்லை.
அப்பாவின் படகை விற்றதில் ஆரம்பித்தது,
இப்போது சர்க்கரை டப்பா வரை வந்திருக்கிறது.

அந்த வியாழன் அவள் வரவில்லை;
சால்டோவில் யாருக்கோ பதினைந்தாவது பிறந்தநாள்,
வீடியோ எடுக்கப் போயிருந்தாள்.
எட்டு மணி. நான்கு கோடுகள்.
ஒன்பது மணி. நான்கு.
சந்தோஷத்தில் காரணம் கேட்க மறந்துவிட்டேன்.
படுக்கையில்தான் உறைத்தது.

தினமும் ஏழு மணிக்கு வருவாள்.
என் தோளுக்கு மேலாகக் கை நீட்டி
தன் ஹார்ட் டிஸ்க்கை நீலத் துளையில் செருகுவாள்.
யார் யார் வீட்டு நடனங்களோ
பிரதியாகி முடிய ஒன்பதாகும்.
என் அடாப்டர் அதற்கு அடுத்த துளையில்.

அவள் வரும்போது அவளைப் பார்ப்பதில்லை என்று வைத்திருந்தேன்.
அதனால் அந்தக் கையையும் பார்க்கவில்லை.

வேண்டுமென்றே செய்கிறாள் என்று
ஒரு கால் மணி நேரம் நினைத்ததை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.
அப்படியில்லை.
நீலத் துளையில் தரவு பாயும்போது
ஓர் இரைச்சல் எழுமாம், காதுக்கு எட்டாதது.
இது பேசும் அதே அலைவரிசையில்.
ஒரு முழம் தள்ளிவைத்தால் போதுமாம்.

நிலையத்துக் கடையில் ஒரு மீட்டர் நீட்டிப்புக் கம்பி,
நூற்றுத் தொண்ணூறு பேசோ.
அடாப்டரை ஜன்னல் சட்டத்தில் டேப் போட்டு ஒட்டினேன்.

ஏழு மணி. சாவிச் சத்தம்.
கை தோளைக் கடந்து போனது;
கட்டைவிரலில் பழைய தீக்காயம், அதை மறந்தே போயிருந்தேன்.
ஹார்ட் டிஸ்க் முனகத் தொடங்கியது.
நான்கு கோடுகள்.
மூன்று.
மூன்று.

"நிக்குது" என்றேன், திரையிடம்தான்.

அவள் மாத்தே குடுக்கையில் வெந்நீர் ஊற்றிக்கொண்டே
தரையில் கிடந்த கம்பியைக் காலால் தொட்டாள்.
"இது தடுக்கும்."

"டேப் இருக்கு, ஒட்டிடறேன்."

ஜன்னலில் பச்சை விளக்கு
மழையைப் பார்த்து விட்டுவிட்டு எரிந்தது.
ரொட்டித் தட்டு காலி. எப்போது தின்றாளோ.