தண்டவாளம் இல்லாத நாள்

பன்னிரண்டு வருடமாக பிர்னோ நகரில்
எட்டாம் எண் டிராம் ஓட்டுகிறேன்.
திருப்பத்தில் நான் திரும்புவதில்லை.
தண்டவாளம் திரும்பும்; நான் கூடவே போவேன்.
மணியடிப்பேன், மழையில் மணல் தூவுவேன்,
கதவைத் திறப்பேன், மூடுவேன்.

நேற்றிரவு ஃபேபியாவைக் காலி செய்தேன்.
பின்சீட்டிலிருந்து மகனின் நாற்காலியைப் பிடுங்கியதும்
அடியில் ஒரு சதுரப் பள்ளம்.
அதில் பிஸ்கட் தூள், ஒரு டைனோசரின் வால்,
போன குளிர்காலம் முழுக்க
நானும் அவன் அப்பாவும் ஒருவர்மேல் ஒருவர் பழிபோட்டுத் தேடிய
வீட்டுச் சாவி.
ஸ்டெப்னி, ஜாக்கி, குடை, பனி சுரண்டும் தகடு
இறக்க இறக்க
வண்டி ஒரு விரல் உயரம் எழுந்தது.

காலை ஏழரை. காட்டை விட்டுப் பனி இன்னும் போகவில்லை.
தரையோடு வயிறு தட்டும் வண்டிகள் வரிசையாய் நின்றன.
சில டயர்களுக்குப் போர்வைகூடப் போட்டிருந்தார்கள்.
என் பின்கண்ணாடியில்
"குழந்தை உள்ளே" என்பதில்
சுரண்டியும் போகாத "உள்ளே".
சத்தம் அளக்கிறவர் கருவியைப் பார்த்தார்,
வண்டியைப் பார்த்தார்,
"இன்ஜின் ஓடுகிறதா?" என்றார்.
கதவில் நீல டேப்பால் முப்பத்தொன்று என்று ஒட்டினாள் யிட்கா.
ஹெல்மெட்டும் அவளுடையதுதான்.
உள்ளே அவள் ஷாம்பு வாசனை.

கற்றுக்கொடுக்க ஏறி உட்கார்ந்தார் ஓல்த்ரிக்.
பெல்ட்டை இழுத்து மாட்டியபடி சொன்னார்:
"பிரேக்கை மிதி.
மன்னிப்புக் கேட்பது போலத் தொடாதே."
அவருக்கு எப்படிச் சொல்வது?
கம்பி கிடைக்காமல் நிற்பவர்களுக்காக,
ஊன்றுகோல்களுக்காக, தள்ளுவண்டிக் குழந்தைகளுக்காக
மெல்ல மெல்ல நிறுத்தியே பழகிய கால் இது.

முதல் சுற்று. நீலக் கொடி.
வலப்பக்க விளக்கைப் போட்டு ஒதுங்கினேன்.
நீலக் கொடி. ஒதுங்கினேன்.
ஏழு பேருக்குமேல் எண்ணவில்லை.
"கோடு எங்கே?" என்று கத்தினேன்.
"கோடெல்லாம் கிடையாது, நீதான் போட வேண்டும்."
வெளி ஓரம், உள் விளிம்பு, திரும்ப வெளி ஓரம்.
பார்க்கிற இடத்துக்குத்தான் வண்டி போகுமாம்.
நான் சரளைக் கல்லைப் பார்த்தேன்.
சரளை எங்களை நோக்கிக் கிளம்பி வந்தது.
"கண்ணை எடு! கண்ணை எடு!"

மதியத்துக்கு மேல்,
மலை இறங்கும் அந்த இடது வளைவில்
முதன்முறையாக மிதித்தேன், முழுக்காலால்.
பெல்ட் நெஞ்சைப் பிடித்தது.
வண்டியின் பின்பாகம் லேசாகி
எங்கோ புறப்படப் பார்த்தது.
டயர்கள் நாய்க்குட்டிகளாய் முனகின.
அந்த ஒரு மூச்சு நேரம்,
இரண்டு உள்ளங்கை வழியாகவும்
சாலை என்னிடம் கேட்டது:
எந்தப் பக்கம்?
பதில் சொன்னேன். கொஞ்சம் தாமதம்தான்;
ஒரு சக்கரம் புல்லில் இறங்கி ஏறியது.
ஓல்த்ரிக் ஒன்றும் சொல்லவில்லை.
தன் பக்கத்துக் கைப்பிடியை மட்டும்
மெதுவாக விட்டார்.

அடுத்த சுற்றில் பெடல் வெண்ணெயாகிவிட்டது.
கருகல் வாசனை. நிதானமாக ஒரு சுற்று வந்து நின்றேன்.
பழக்கத்தில் ஹேண்ட்பிரேக்குக்குப் போன கையைத்
தட்டிவிட்டார்: "சூட்டில் ஒட்டிக்கொள்ளும்."
சக்கரத்துக்கு ஒரு கட்டையைக் கொடுத்துவிட்டு
ரொட்டியும் வெங்காயமும் தின்றோம்.
இரும்பு டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு ஐம்பதில், ஒரு டிராக்டரின் பின்னால்.
நாற்காலி தன் பள்ளத்தில் சரியாகப் போய் உட்கார்ந்தது.
வாலை மகனிடம் கொடுத்தேன்.
ஜெயித்தாயா என்று அவன் கேட்கவில்லை.
திருப்பித் திருப்பிப் பார்த்து,
"மீதி எங்கே?" என்றான்.

திங்கள், விடியற்காலை நாலே முக்கால்.
தொடையில் இன்னும் வலி.
சதுக்கத் திருப்பம் வருமுன்பே
என் கண் அதைத் தாண்டிப் போயிருந்தது.
முட்டை அட்டையை இரு கையால் ஏந்தி
ஒரு பெண் கம்பியைப் பிடிக்காமல் நின்றாள்.
மெல்ல, மெல்ல நிறுத்தினேன்,
மன்னிப்புக் கேட்பது போல.