டக்

நடு வரிசை, இடது ஜன்னலோரம்.
அந்த ஒரு பெல்ட் மட்டும் பொய் சொல்லும்.

நாக்கை உள்ளே விட்டால் 'டக்' என்று
மற்ற நான்கையும்விடச் சத்தமாகச் சொல்லும்.
நேஷனல் பெயிண்ட்ஸ் நெரிசலைத் தாண்டுவதற்குள்
யாரும் தொடாமலே கழன்று
இஹ்சானின் மடியில் கிடக்கும்.
"ஆன்ட்டி, மறுபடியும்" என்பான்,
தப்பு தன்னுடையது போல.

வண்டிக்குப் பதினெட்டு வயது.
எங்களுக்கு முன் மூன்று குடும்பங்கள்.
யார் வீட்டுப் பிள்ளையோ கூரைத்துணியில்
நீலப் பேனாவால் ஓர் ஒட்டகம் வரைந்திருக்கிறது,
கால் மூன்றோடு.
ஏசி பின்வரிசை வரைக்கும் எட்டாது.
இழுகதவைச் சாத்த
இரண்டு கையும் ஓர் இடுப்பும் வேண்டும்.
ஐந்தாவது டெஸ்டில் லைசென்ஸ் வாங்கியவள் நான்,
பிறர் குறையை ரொம்பப் பேச முடியாது.

குணாளன் ரிக்கில் இருந்தான்.
இருபத்தெட்டு நாள் கடல், இருபத்தெட்டு நாள் ஷார்ஜா.
வீடியோ அனுப்பினேன்.
"பிஸ்கட் தூளாத்தான் இருக்கும், ஊது."
ஊதினேன்.
தூள் வந்தது, கால் திர்ஹம் ஒன்று வந்தது.
அதற்குப் பிறகும் பொய்தான்.

பாசிங் அன்றைக்கு
பரிசோதிப்பவர் சுருக்கென்று ஓர் இழுப்பு இழுத்தார்.
விருந்தாளி முன்னால் பிள்ளை மாதிரி
கைகட்டி நின்றது.
முல்கியா ஒரு வருடத்துக்குப் புதுசானது.
மறுநாள் காலை
மறுபடியும் மடியில்.

துப்பட்டாவால் கட்டிப் பார்த்தேன் ஒரு வாரம்.
எண்பதில் போகும் வண்டி சட்டென்று நின்றால்
உள்ளே இருப்பவன் எண்பதிலேயே போவான்.
பரீட்சையில் எழுதி
மார்க்கும் வாங்கியிருக்கிறேன் இதற்கு.

வெள்ளிக்கிழமை சஜாவுக்குப் போனேன்.
உடைத்த வண்டிகள் ஒன்றன் மேல் ஒன்றாக,
தொட்ட இடமெல்லாம் தோசைக்கல்.
குல் ஸமான் என்கிற கடைக்காரர்
அதே வருஷம், அதே மாடல், வெள்ளை,
மூக்கு நசுங்கிய ஒன்றிலிருந்து
முழு பெல்ட்டை உருவிக் கொடுத்தார். எண்பது திர்ஹம்.

நீட்டிப் பார்த்தேன்.
ஒரு முழம் தள்ளி நெசவு உருகி
கண்ணாடி போல மின்னியது.
ஓரம் அலை அலையாக.
அந்த இடத்தில்தான் அது யாரையோ பிடித்திருக்கிறது.

"இதில் யார் இருந்தார்கள்?"
அவர் ஒட்டகச்சிவிங்கி ஸ்டிக்கர் ஒட்டிய கதவைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்.
"அறுபது" என்றார்.

ஒரு தடவை உண்மை சொன்ன பெல்ட்.
ஒரே தடவைக்குத்தான் நெய்கிறார்கள் போலிருக்கிறது.
வைத்துவிட்டு வந்தேன்.

கம்பெனியில் அறுநூற்றைம்பது. ஜப்பானிலிருந்து மூன்று வாரம்.

இன்னொன்று சொல்ல வேண்டும்.
இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.
ஜனவரி வரைக்கும் அது மிதுலாவின் சீட்.
முதல் முறை கழன்ற அன்று சாயங்காலமே
என் மகளைப் பின்வரிசை வலது மூலைக்கு மாற்றினேன்.
"அங்கே காற்று நல்லா வரும்" என்றேன்.
ஏசி எட்டாத வரிசை அது.
மாதம் நூற்றைம்பதுக்கு
எதிர் ஃப்ளாட் நஸ்ரீன் புதிதாக அனுப்பிய பையனிடம்
"ஜன்னலோரம், ஜாலி" என்றேன்.
துள்ளிக்கொண்டு ஏறினான்.

நஸ்ரீனிடம் பாதி சொன்னேன்:
பெல்ட் ரிப்பேர், இனி இரண்டு நடை,
மிதுலா கொஞ்ச நேரம் உன் மருந்துக்கடையில் இருக்கட்டும்.
எப்போதிலிருந்து ரிப்பேர் என்று
அவள் கேட்கவில்லை.
"ரொம்பச் சிரமம் உங்களுக்கு அக்கா" என்று
இருமல் மிட்டாய் ஒரு பட்டை கொடுத்தாள்.
வாங்கிக்கொண்டேன்.

முதல் நடையில் நான்கு பிள்ளைகள்.
வலது மூலையில் இஹ்சான்,
பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி.
இன்னும் அவனுக்கு நம்பிக்கை வரவில்லை.

இரண்டாம் நடையில் மிதுலா ஏறுகிறாள்,
சீட்டைத் தட்டுகிறாள்.
"என் இடத்தில் யாரும்மா பிஸ்கட் தின்னது?"

டக்.
இழுத்துப் பார், என்கிறேன்.
இன்னொரு தடவை இழு.