மூன்று கட்டங்கள்

கோட்டூருக்குத் தெற்கே எங்கள் கொள்முதல் நிலையத்தில்
லாரி வராத ஒன்பதாவது நாள்.
நாலாயிரம் மூட்டை தார்ப்பாய்க்கு அடியில் புழுங்குகிறது.
குத்தூசியில் வந்த நெல்லைக் கருவியில் போட்டால்
பத்தொன்பது என்கிறது ஈரப்பதம்.
பதினேழைத் தாண்டினால் என் கையெழுத்துக்கு வேலையில்லை.
நான் பட்டியல் எழுத்தர்.
பட்டியல் இல்லாத மதியத்தில்
மேசை இழுப்பறைக்குள் போனை வைத்து விளையாடுகிறேன்.

அந்த விளையாட்டில் முதல் கேள்வியே அதுதான்.
வாளா வில்லா என்பதற்கு முன்பே,
மலைநாடா கடல்நாடா என்பதற்கும் முன்பே
இரண்டு பேரை நிறுத்தி
மெல்லச் சுழற்றிக் காட்டும்,
சந்தையில் மாட்டைச் சுற்றிவந்து பார்ப்பதுபோல.
ஆணா, பெண்ணா.

ஆணைத் தொட்டேன். எப்போதும் அவனைத்தான்.
ராத்திரி இரண்டு மணிக்குக் காட்டுக்குள் நடப்பான்
எங்கே இருக்கிறேன் என்று யாருக்கும் போன் போடாமல்.
ஆற்றைக் கண்டால் அப்படியே இறங்குவான்,
கரையேறும்போது சட்டையை இழுத்துவிட்டுக்கொள்ள மாட்டான்.
பிறகுதான் கவனித்தேன்,
பெண்ணை எடுத்திருந்தாலும் இதேதான்.
அதே பலம் பன்னிரண்டு, அதே கூலி எழுபது காசு,
ஓநாய்கூட ஆள் பார்த்துக் கடிப்பதில்லை.
இங்கே நடவுக்கு ஒரு கூலி
அண்டை வெட்ட ஒரு கூலி.
அங்கே கணக்கெழுதியவர் யாரோ
அந்தப் பத்தியைக் கிழிக்கவே மறந்துபோயிருக்கிறார்.

அப்புறம் ஏன் அவன்?
தெரியவில்லை. அவளை எடுத்தால்
லீவு நாளிலும் வேலைக்கு வந்த மாதிரி இருக்கிறது.

பெயர் கேட்டது. தமிழில் அடித்தேன்.
எழுத்து விழவில்லை,
மூன்று வெறும் கட்டங்கள் விழுந்தன.
அழிக்காமல் விட்டேன்.
விடுதிக்காரன், கொல்லன், படகோட்டி எல்லாரும்
கட்டம் கட்டம் கட்டம் என்றே கூப்பிடுகிறார்கள்,
அவனும் நின்று திரும்பிப் பார்க்கிறான்.

வந்தான் என்றால் ஆண்பால், வந்தாள் பெண்பால்
என்று ஆறாம் வகுப்பில் கரும்பலகை முழுக்க எழுதிப்போட்டார்கள்.
வந்தேன் என்றால்?
வந்தவருக்கு மட்டும் தெரியும்.
நான், நீ என்று இரண்டுபேர் பேசிக்கொண்டிருக்கும்வரை
ஒரு தொந்தரவும் இல்லை.
மூன்றாமவர் காதில் சொல்லும்போதுதான்
நமக்கு வால் முளைக்கிறது.

சார்ஜர் போட ஒரே பலகை. வைரக்கண்ணுவின் போனும்
என் போனும் ஒரே கம்பெனி, ஒரே மாதிரி உடைந்த மூலை.
மூன்று மணிக்கு மாற்றி எடுத்துவிட்டேன்.

திரையில் ஒருத்தி.
பாறை விளிம்பில், பச்சை மேலங்கி, தோளில் ஈட்டி,
நாற்பத்தோராம் நிலை.
பெயர் ஆங்கில எழுத்தில்: அரசாயி.

வைரக்கண்ணு சுமைப்பணி.
நாற்பது கிலோவைப் பிடரியில் வாங்கி லாரிக்கு ஏறுகையில்
பலகைதான் முனகும், அவர் முனகி நான் கேட்டதில்லை.
"யாருங்க இது?"
"யாருமில்ல மேடம்."
கொஞ்ச நேரம் கொக்கியைக் கைலியில் துடைத்தார்.
"மூட்ட தூக்காத ஒருத்தி."

சிரித்திருப்பேன். ஆனால் அவர் கையில் என் போன்,
அதில் என்னுடையவன் குளித்துக்கொண்டிருந்தான்.
"ஒங்க ஆளுக்குப் பேர் வைக்கலியா?"
"வெச்சேன். எழுத்து விழல."
என்ன பேர் என்று அவர் கேட்கவில்லை.
அதற்காக ஒரு டீ சொன்னேன்,
இல்லை, டீ வருகிற நேரம்தான் அது.

நாலரைக்கு மன்னார்குடிப் பக்கம் கறுத்தது.
தை மாதத்தில் என்ன மழை என்று வைவதற்குள் காற்று.
தார்ப்பாயின் ஒரு முனையில் அவர், எதிர்முனையில் நான்,
கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டு போகிறது.
"விடாத, விடாத!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.
எங்களில் யாரை என்று தெரியவில்லை.
திரும்பிப் பார்க்க நேரமில்லை.

உள்ளே பலகையில்
அவனும் அவளும் நின்ற இடத்தில் நின்று
மூச்சு வாங்கிக்கொண்டிருந்திருப்பார்கள்,
யாராவது வந்து தொடும்வரை.

ஆறு மணிக்கு மறுபடி போட்டுப் பார்த்தேன்.
இருபது.